பழுப்புப் பலகையைக் கண்டால் வண்டியைத் திருப்புங்கள்

கேள்வியைச் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு குடும்பம். பிள்ளைகளுக்கு ஏழும் பத்தும் வயது. வரும் ஜூலையில் ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். போன வருஷம் பேர்போன ஒரு பூங்காவுக்குப் போய், வண்டி நிறுத்த இடம் தேடியே ஒன்றரை மணி நேரம் சுற்றி, கடைசியில் கார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "கூட்டம் இல்லாத, அதிகம் பேருக்குத் தெரியாத இடமாக நாலைந்து சொல்லுங்கள். பெரியவர்களும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்கள்.

இடங்களைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. "யாருக்கும் தெரியாத பத்து இடங்கள்" என்று ஒரு பட்டியல் வந்தால், அடுத்த கோடைக்குள் அந்தப் பத்தும் ஊருக்கே தெரிந்துவிடும். நானும் இங்கே வந்த புதிதில் ஆறேழு வருஷம் பட்டியல் பார்த்துப் போய்ப் பட்டியல் பார்த்தவர்களோடு வரிசையில் நின்றவன்தான். பிறகுதான், இந்த நாட்டில் பொதுநிலம் யார் யார் கையில் எந்தெந்தப் பெயரில் இருக்கிறது என்பது புரிந்தது. அது புரிந்த பின் நான் பட்டியல் தேடுவதை விட்டுவிட்டேன்.

தேசியப் பூங்காச் சேவை என்ற துறையின் பொறுப்பில் 430-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவற்றில் 'நேஷனல் பார்க்' என்ற பட்டம் 63-க்கு மட்டும்தான். மற்றவை நேஷனல் மான்யுமென்ட், லேக்‌ஷோர், சீஷோர், ரெக்ரியேஷன் ஏரியா என்று வேறு பெயர்களில் கிடக்கின்றன. ஊரிலிருந்து வருகிறவர்களும் சரி, இங்கேயே இருப்பவர்களும் சரி, அந்த 63-ஐத்தான் நோட்டில் எழுதி டிக் அடிக்கிறார்கள். அந்த 63-லும் கூட்டம் ஒரு பத்துப் பன்னிரண்டில் போய் மொய்க்கிறது. கிரேட் ஸ்மோக்கி மலைக்கு மட்டும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.2 கோடி வருகைகள்.

பட்டத்தை நம்பி அழகை அளக்க முடியாது. கிராண்ட் கேன்யனே 1908-ல் மான்யுமென்டாக இருந்து 1919-ல்தான் பார்க் ஆனது. நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல்மேடுகள் 1933 முதல் மான்யுமென்ட், 2019-ல் பார்க். மணல் என்னவோ அதே மணல். மான்யுமென்ட் என்றதும் நம்மவர்கள் ஏதோ சிலை, நினைவுத்தூண் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1906-ல் வந்த ஒரு சட்டப்படி, கூட்டரசின் நிலத்தில் ஒரு பகுதியைக் காக்க வேண்டும் என்று அதிபர் அறிவித்தால் அது மான்யுமென்ட். பார்க் ஆக வேண்டுமென்றால் இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட வேண்டும். பல இடங்களில் வித்தியாசம் அவ்வளவுதான். அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் சிரிகாவா என்று ஒன்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பாறைத் தூண்கள், ஒன்றின் தலையில் ஒன்று விழாமல் உட்கார்ந்திருக்கும். 1924 முதல் மான்யுமென்ட். பட்டம் இல்லாததால் இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. மேற்கே போகப் போக நிலம் அரசுடையது. நெவாடாவில் ஏறக்குறைய 80 சதவீதம் கூட்டரசின் நிலம். டெக்சாஸில் தலைகீழ், 95 சதவீதம் தனியார் கையில். ஆகவே மேற்கில் இருப்பவர்கள் நேஷனல் ஃபாரஸ்ட் என்ற பச்சைத் திட்டுகளைத் தேட வேண்டும். அது பூங்கா அல்ல, காடு. அதைப் பார்ப்பது வேளாண்மைத் துறையின் வனச் சேவை. பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, வாசல் கூடக் கிடையாது. கிழக்கில் இருக்கும் உங்களுக்குச் சரியான வழி மாநில அரசு நடத்தும் ஸ்டேட் பார்க். உங்கள் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 120-க்கும் மேற்பட்ட ஸ்டேட் பார்க் இருக்கின்றன, ஒன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இதை நான் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கட்டணம் வாங்காத இடத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று ஒரு சந்தேகம்.

ஹைவேயில் போகும்போது பச்சைப் பலகை ஊர் பெயரைச் சொல்லும், நீலப் பலகை சாப்பாடும் பெட்ரோலும் சொல்லும். பழுப்பு நிறத்தில் வெள்ளை எழுத்தோடு ஒரு பலகை வரும், பார்த்திருப்பீர்கள். பூங்கா, காடு, அருவி, வரலாற்று இடம் எல்லாவற்றுக்கும் அந்த நிறம்தான். நாம் எழுபது மைல் வேகத்தில் அதைக் கடந்து போகிறோம். நான் பார்த்த நல்ல இடங்களில் பாதி, அந்தப் பலகையைப் பார்த்து "சரி, போய்த்தான் பார்ப்போமே" என்று திரும்பியதில் கிடைத்தவை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாமனார் மாமியாரை நயாகராவுக்குக் கூட்டிப் போவீர்கள். கூட்டிப் போகாமல் இருக்க முடியாது. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். போங்கள். ஆனால் ஒரே மூச்சில் ஓட்டிப் போய், நனைந்து, மறுநாள் ஒரே மூச்சில் திரும்புவதற்குப் பதிலாக, வழியில் நாலு இடங்களில் நின்று போங்கள். நயாகராவை விட அந்த நாலைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசுவார்கள் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

முதலாவது பென்சில்வேனியாவின் ரிக்கெட்ஸ் கிளென் ஸ்டேட் பார்க். உங்கள் வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் இருக்கும். கிச்சன் க்ரீக் என்று ஒரு ஓடை, அது மலையிலிருந்து இறங்குகிற பாதையில் பெயர் வைத்த அருவிகள் மட்டும் 22. பெரியது கனோகா, 94 அடி. எல்லாவற்றையும் பார்க்கிற சுற்று 7.2 மைல், கல் படிகளும் வழுக்கலும் கொண்டது. அதைப் பெரியவர்களோடு நினைக்கவே வேண்டாம். ஆனால் கீழே 118-ஆம் சாலை ஓரத்தில் ஒரு பார்க்கிங் இருக்கிறது. அங்கிருந்து சில நூறு அடியிலேயே ஆடம்ஸ் அருவி. அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் பத்து வயதுப் பிள்ளையை மட்டும் மேலே கூட்டிப் போய் நாலு அருவி பார்த்துவிட்டு இறங்குங்கள். சனி ஞாயிறு வேண்டாம். குளிர்காலத்தில் அந்தப் பாதை உறைந்துவிடும், காலில் ஆணி வைத்த பட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மட்டும்தான்.

இரண்டாவது இடம் பைன் க்ரீக் பள்ளத்தாக்கு. உள்ளூரில் இதைப் 'பென்சில்வேனியாவின் கிராண்ட் கேன்யன்' என்பார்கள். இந்த நாட்டில் பத்து மைலுக்கு ஒரு 'கிராண்ட் கேன்யன்' உண்டு, பெயரைக் கண்டுகொள்ளாதீர்கள். அசல் கேன்யன் சிவந்த பாறை, இது முழுக்கப் பச்சை. 47 மைல் நீளம், ஆழமான இடத்தில் ஏறக்குறைய 1,450 அடி. லெனார்ட் ஹாரிசன் ஸ்டேட் பார்க்கில் வண்டியை நிறுத்தி இறங்கினால் விளிம்புக்குச் சில நிமிட நடை. எனக்கு அந்த ஆற்றின் கதை பிடிக்கும். ஒரு காலத்தில் அது வடகிழக்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் வழியை அடைத்துவிட்டன. தண்ணீர் தேங்கித் தேங்கி ஏரியாகி, கடைசியில் எதிர்த்திசையில் வழிந்து, தெற்கே புதிதாக ஒரு பாதையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கும் தெற்கேதான் ஓடுகிறது. பள்ளத்தாக்கின் அடியில் பழைய ரயில்பாதையைப் பெயர்த்துவிட்டு 62 மைலுக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். ரயில்பாதை என்பதால் ஏற்றமே தெரியாது, ஏழு வயதுப் பிள்ளையும் ஓட்டும். அது முடிகிற ஊரின் பெயர் ஜெர்சி ஷோர். கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நியூ ஜெர்சிக்காரர் நீங்கள் அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்லும் இடத்துக்காகத்தான் இவ்வளவு நீளப் பதில் எழுத உட்கார்ந்தேன். பைன் க்ரீக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனால் செர்ரி ஸ்ப்ரிங்ஸ் ஸ்டேட் பார்க். மொத்தமே 82 ஏக்கர். மலை இல்லை, அருவி இல்லை, ஏரி இல்லை. காட்டுக்கு நடுவே 2,300 அடி உயரத்தில் ஒரு புல்வெளி, அவ்வளவுதான். சுற்றிலும் சஸ்குவஹானாக் மாநிலக் காடு 2.6 லட்சம் ஏக்கர். பக்கத்தில் ஊர் இல்லை, ஆகவே வெளிச்சம் இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இவ்வளவு இருண்ட வானம் கிடைப்பது அபூர்வம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இரவு முழுக்கத் தங்குவதற்கு ஒரு மைதானம், அதற்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு. நம்மைப் போல வெறும் கண்ணால் சில மணி நேரம் பார்க்க வருகிறவர்களுக்குச் சாலையின் மறுபக்கம் தனி இடம்.

என் அப்பா அம்மா வந்திருந்தபோது அங்கே கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் அம்மாவுக்குக் கவலை. "இருட்டுல என்னடா பார்க்கப் போறோம், பாம்பு பூச்சி இருக்காதா?" வெள்ளை வெளிச்சம் கூடாது, சிவப்பு மட்டும்தான் என்பதால் டார்ச்சின் மேல் சிவப்பு ஜிகினாத் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். புல்லில் பாயை விரித்து, ஆளுக்கொரு ஸ்வெட்டரும் போர்வையுமாகப் படுத்தோம். ஜூலையிலும் அங்கே இரவில் நடுங்கும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் போனைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பத்தே முக்கால், பதினொன்று இருக்கும். தெற்கிலிருந்து மேலே, மாவு சிந்தினாற்போலப் பால்வீதி கிடந்தது. அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க ஊருக்குக் கரண்ட் வர்றதுக்கு முன்னாடி களத்துல காவலுக்குப் படுத்திருப்போம். அப்ப இருந்த வானம்டா இது" என்றார்.

அம்மா கேட்டது வேறு. "இதுல அருந்ததி எங்க இருக்கு?" சப்தரிஷி மண்டலம் வடமேற்கே சாய்ந்திருந்தது. வாலில் கடைசிக்கு முந்தியது வசிட்டர், அதை ஒட்டிப் பொட்டாக ஒன்று இருக்கும் பார் என்று காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கல்யாணத்தன்று பட்டப்பகலில் மண்டபத்து வாசலில் நிற்க வைத்து ஐயர் வெறும் வானத்தைக் கையால் காட்டியதும், தெரிகிறது என்று தலையாட்டியதும்தான் அவருக்கு அருந்ததியோடு இருந்த பழக்கம். நாற்பத்து மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்த்தார். அப்பாவைத் தட்டி அவரையும் பார்க்கச் சொன்னார். அவர் தூங்கிவிட்டிருந்தார்.

நாலாவதாக, நயாகராவுக்கு முன்னால் லெட்ச்வொர்த் ஸ்டேட் பார்க். இது நியூயார்க் மாநிலம், 390 நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்ச தூரம். வாசலில் வண்டிக்குக் கட்டணம் உண்டு. ஜெனசி ஆறு மூன்று இடங்களில் அருவியாக விழுந்து, 17 மைலுக்குப் பள்ளத்தாக்கில் போகிறது. நடு அருவி 107 அடி. வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்ற பஃபலோ வியாபாரி 1859 முதல் அங்கே நிலத்தை வாங்கிச் சேர்த்து, 1906-ல் ஆயிரம் ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்ந்த வீடு இன்று விடுதி, நடு அருவியின் தலைமாட்டிலேயே இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிழக்கில் எனக்குத் தெரியாது. சாலை பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே போகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு இடத்தில் நிறுத்தி, இருபது அடி நடந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். அங்கிருந்து நயாகரா ஒன்றரை மணி நேரம். நயாகராவின் அமெரிக்கப் பக்கமும் ஒரு ஸ்டேட் பார்க்தான், 1885-ல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது.

உங்களுக்கு இது போதும். ஆனால் வேறு ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நான் போன மற்ற சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

அட்லாண்டா பக்கம் இருப்பவர்கள் ப்ராவிடன்ஸ் கேன்யனைப் பாருங்கள். ஆரஞ்சும் வெள்ளையும் ரோஜா நிறமுமாகச் செங்குத்தான மண்சுவர்கள், 150 அடி வரை ஆழம். இயற்கை செய்ததல்ல. 1800-களில் காட்டை அழித்து, மண்ணைக் காக்காமல் உழுது உழுது பயிரிட்டதில் மழைநீர் அறுத்த பள்ளம். ஒரு விவசாயத் தவறு ஸ்டேட் பார்க் ஆகி நிற்கிறது. எங்கள் கொள்ளிடக் கரைப் பக்கம் இப்படி ஒரு பள்ளம் விழுந்திருந்தால் யார் மேல் பழி போடுவது என்று நூறு வருஷம் பேசியிருப்பார்கள்.

தென் கரோலினாவில் காங்கரீ. இது 2003-ல் நேஷனல் பார்க் பட்டம் வாங்கியும் கூட்டம் சேராத இடம். வெள்ளம் வந்து வந்து போகிற தாழ்நிலக் காடு, வானளாவிய சைப்ரஸ் மரங்கள், தண்ணீருக்கு மேல் முழங்கால் முழங்காலாக நீட்டி நிற்கும் அவற்றின் வேர்கள். தரையைத் தொடாமல் இரண்டரை மைல் பலகைப் பாதையில் நடக்கலாம், சக்கர நாற்காலியும் போகும். மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை சில வாரம் மின்மினிகள் ஒரே தாளத்தில் அணைந்து எரியும், அதற்குக் குலுக்கல் முறையில்தான் அனுமதி. கூட்டம் ஏன் இல்லை என்பதற்குப் பதில் வாசலிலேயே மாட்டியிருக்கும். 'கொசு மீட்டர்' என்று முள் வைத்த ஒரு பலகை. ஒன்று என்றால் கொசுவே இல்லை, ஆறு என்றால் போர்க்களம். நான் போன அன்று முள் நாலில் இருந்தது. நாலே போதும், சென்னையில் வளர்ந்தவன் சொல்கிறேன். வசந்தத்தின் தொடக்கத்திலோ இலையுதிர் காலக் கடைசியிலோ போங்கள்.

கலிஃபோர்னியாவில் எல்லாரும் யோசெமிட்டிக்கு ஓடுகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து வடக்கே நாலு மணி நேரத்தில் லாசன் எரிமலைப் பூங்கா இருக்கிறது, யோசெமிட்டிக்கு வருகிறவர்களில் எட்டில் ஒரு பங்கு கூட அங்கே வருவதில்லை. 1914 முதல் 1917 வரை வெடித்த எரிமலை. பூமிக்கடியில் இன்னும் அடுப்பு அணையவில்லை. சேறு கொதிக்கும், பாறை இடுக்கில் ஆவி சீறும், அழுகின முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அங்கே முக்கியமான கொதிநிலத்துக்குப் பெயர் 'பம்பஸின் நரகம்'. பம்பஸ் என்பவர் 1860-களில் அதைக் கண்டு, ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டியவர். மேலே பார்த்தால் கெட்டித் தரை, கீழே கொதிக்கும் சேறு. மற்றவர்களைக் கவனமாக நடக்கச் சொல்லிக்கொண்டு போனவரின் கால் அந்த மேல்தரையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. காலையே எடுக்க வேண்டி வந்தது. பலகைப் பாதையை விட்டு இறங்காதே என்று பிள்ளைகளிடம் நூறு முறை சொல்வதை விட இந்தக் கதையை ஒரு முறை சொல்லுங்கள், போதும். அந்தப் பாதை பனி உருகி ஜூலையில்தான் பெரும்பாலும் திறக்கும். பெரியவர்களுக்குச் சாலை ஓரத்திலேயே சல்ஃபர் வொர்க்ஸ் என்ற கொதிக்கும் இடம் உண்டு. ஒன்றை மறைக்கக் கூடாது: 2021-ல் வந்த பெருந்தீ அந்தப் பூங்காவின் பெரும்பகுதியை எரித்துவிட்டது. கருகிய மரங்களுக்கு நடுவே நிறைய தூரம் ஓட்டுவீர்கள்.

சியாட்டல்காரர்களுக்கு நார்த் காஸ்கேட்ஸ். முந்நூறுக்கும் மேற்பட்ட பனியாறுகள், கட்டணம் இல்லை. நாட்டிலேயே மிகக் குறைந்த பேர் வரும் பூங்காக்களில் ஒன்று என்று எழுதுவார்கள். அந்த எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்க்கை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் 20-ஆம் நெடுஞ்சாலையும், பனியாறு அரைத்த மாவு கலந்து மயில்கழுத்து நிறத்தில் இருக்கும் டயாப்லோ ஏரியும் சட்டப்படி ராஸ் லேக் ரெக்ரியேஷன் ஏரியாவைச் சேர்ந்தவை. அங்கே வருகிறவர்கள் பார்க்கின் கணக்கில் வருவதில்லை. புள்ளிவிவரத்தைப் பார்த்து யாரும் இருக்க மாட்டார்கள் என்று ஆகஸ்ட் சனிக்கிழமை போனால் ஏரி காட்சிமேடையில் ஐம்பது கார் நிற்கும். அந்தச் சாலை நவம்பர் வாக்கில் மூடி வசந்தத்தில்தான் திறக்கும்.

நெவாடாவில் கிரேட் பேசின். 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று பெயர் வாங்கிய 50-ஆம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகப் போக வேண்டும். 13,000 அடி வீலர் சிகரம், கீழே லேமன் குகை, கட்டணம் குகைக்கு மட்டும். பத்தாயிரம் அடிக்குமேல் பிரிஸ்டில்கோன் பைன் என்ற மரங்கள் காற்றில் முறுக்கிப் போய் நிற்கின்றன. பாதி செத்த மரம் போல இருக்கும், ஆனால் மூவாயிரம் வயது. 1964-ல், இது பார்க் ஆவதற்கு முன், ஓர் ஆராய்ச்சி மாணவர் வனச் சேவையின் அனுமதியோடு ஒரு மரத்தை வெட்டி வளையங்களை எண்ணினார். 4,844. அதுவரை தெரிந்ததிலேயே வயதான மரம் அது என்பது வெட்டிய பின் தெரிந்தது. நடைபாதை சுமார் மூன்று மைல்தான், ஆனால் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். இதயக் கோளாறு உள்ள பெரியவர்களை மேலே கூட்டிப் போகாதீர்கள்.

நெப்ராஸ்காவையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. மார்ச் நடுவில் கியர்னி என்ற ஊர் பக்கம் பிளாட் ஆற்றின் ஆழமில்லாத நீரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாண்ட்ஹில் கொக்குகள் இரவில் வந்து தங்கும். அவற்றைப் போல இருக்கும் நாரை இனமெல்லாம் நாம் வேடந்தாங்கலில் பார்த்ததுதான் என்று நினைத்துப் போனேன். விடியலில் அவை மொத்தமாக எழும்பியபோது சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேசியது கேட்கவில்லை.

தேசியப் பூங்காக் கட்டண விஷயம் ஒன்று. 2026 ஜனவரி முதல் விதி மாறியிருக்கிறது. இங்கே வசிப்பவர்களுக்கு வருஷ பாஸ் அதே 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 250. யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், ஸயான் உட்பட 11 பூங்காக்களில், பாஸ் இல்லாத வெளிநாட்டவர் 16 வயது முதல் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெரியவர்களோடு அந்த 11-ல் ஒன்றுக்குப் போவதாக இருந்தால் அந்தப் பூங்காவின் தளத்தில் விதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் மேலே போகச் சொன்ன எந்த இடமும் அந்தப் பதினொன்றில் இல்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தப் பள்ளி ஆண்டுக்குக் குடும்பத்துக்கே இலவச பாஸ் கிடைக்கும். உங்கள் பத்து வயதுப் பிள்ளை எந்த வகுப்பு என்று பாருங்கள்.

செர்ரி ஸ்ப்ரிங்ஸ் பக்கம் போன் சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வையுங்கள், பெட்ரோலை பைன் க்ரீக் பக்கத்து ஊரான வெல்ஸ்பரோவில் நிரப்பிவிடுங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டாயம் எடுத்துப் போவீர்கள், போகவும் வேண்டும், அந்தப் பக்கம் சைவச் சாப்பாடு என்றால் பிரெஞ்ச் ஃப்ரைஸ்தான். ஆனால் மிச்சத்தை மேஜையில் விட்டுவிட்டு நடக்கப் போகாதீர்கள், கருங்கரடி இருக்கிற காடு. எல்லாம் காருக்குள் போய்ப் பூட்ட வேண்டும். கரடியை விட நான் பயப்படுவது உண்ணிக்கு. புல்லில் நடந்து வந்த அன்று இரவு பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணியை ஒட்டின 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

போகிற இடத்தில் ரேஞ்சரிடம் "எதைப் பார்க்கலாம்?" என்று கேட்காதீர்கள். அச்சடித்த தாளைக் கொடுத்துவிடுவார். "உங்களுக்கு லீவு நாள் என்றால் எங்கே போவீர்கள்?" என்று கேளுங்கள். பேனாவை எடுத்து அந்தத் தாளிலேயே வேறு எங்கோ ஒரு வட்டம் போடுவார்.

தேதி குறிப்பதுதான் மிச்சம். செர்ரி ஸ்ப்ரிங்ஸுக்கு நிலா இல்லாத இரவு வேண்டும், மேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்காகப் பக்கத்தில் இரண்டு இரவு தங்குகிற மாதிரி வையுங்கள். உங்கள் மாமியாரிடம் இப்போதே போன் செய்து ஜூலையில் அமாவாசை என்றைக்கு என்று கேளுங்கள். நாள்காட்டியைப் பார்த்து உடனே சொல்லிவிடுவார். எதற்கு என்று கேட்டால் மட்டும் சொல்லாதீர்கள்.